எல்லை கடக்கும் கலைமகள்

தேவிகுளம் என்னும் பெயரிலேயே ஒரு தேவியும் ஒரு நீர்நிலையும் உள. அந்நீரில் சீதாபிராட்டி நீராடினாள் என்பது அவ்வூர்ச் செவிவழிக் கதை. மலையையும் நீரையும் தெய்வ மகளிரோடு சேர்த்து எண்ணும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க நாட்டின் எலிக்கோன் மலையில், ஊற்றுகளின் அருகே ஒன்பது கலைத்தேவியர் ஆடிப் பாடுவதாக அந்நாட்டார் நம்பினர். அவர்களுடைய தாய் நினைவுக்குரிய தெய்வம். ஒன்பது இரவுகளின் பயனாக அவ்வொன்பதின்மரும் பிறந்தனர் என்று எசியோது என்னும் புலவர் பாடினார். பிற்காலத்தார் வரலாற்றுக்கென்றே அவருள் ஒருத்தியைக் குறித்தனர். நமக்கோ கலைகள் அனைத்திற்கும் கலைமகள் ஒருத்தியே. அவளுக்கும் ஒன்பது இரவுகள் உண்டு. எண் ஒத்திருப்பது தற்செயலே எனக் கொள்வோம்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. மலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் பலருக்கு அந்நாள் ஆறாத மனக்குறையாயிற்று. ஆயினும் அதே கோட்டைக் கலைமகள் ஆண்டுதோறும் கடந்து வருகிறாள்.

கம்பர் தாம் வழிபட்ட சரசுவதி திருவுருவைச் சேர மன்னனிடம் ஒப்படைத்தார் என்பது மரபு. அவ்வுரு பத்மநாபபுரம் அரண்மனையில் எழுந்தருளியுள்ளது. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டு மண்ணில். அதனைப் பேணுவது கேரள அரசு! திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியபின், நவராத்திரிக்குக் கலைமகளும் அங்கே செல்லலானாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் செல்வர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் நகரை அடைவர். இடையில் களியக்காவிளையில் மாநில எல்லை வருகிறது. காவலர் மரியாதை செய்ய, ஊர்வலம் எல்லையைக் கடக்கிறது.

அங்கே நவராத்திரி மண்டபத்தில், சுவாதித் திருநாள் மன்னர் இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள், இரவுக்கு ஒன்றாக முதன்மையாய்ப் பாடப்பெறும். ஆனால், தெய்வம் பெண்ணாயிருந்தும் பாட வந்தோர் ஆடவரே. 2006இல்தான் முதன்முறையாக ஒரு பெண்மணி, பாறசாலை பொன்னம்மாள், அம்மண்டபத்தில் பாடினார். பாறசாலை, எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர். கலைமகள் ஆண்டுதோறும் போகும் வழியில் இருக்கிறது.