தோட்டாவும் ஒரு சாட்சி



ஈப்போவைச் சுற்றியிருந்த பழைய ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. அந்த மண்ணைப் புரட்டும்போதும், உலோகம் கண்டறியும் கருவி கொண்டு தேடும்போதும், பச்சைக் களிம்பேறிய தோட்டாக்கள் கிடைப்பதுண்டு. கண்டவுடனே, "இது ஜப்பான்காரன் சுட்டது" என்று சொல்லிவிடுகிறோம். அவ்வாறு தீர்ப்புக் கூறுமுன் அந்தத் தோட்டாவைச் சற்று விசாரிக்க வேண்டும்.

ஈப்போவுக்குத் தெற்கே கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கடும் போர் நடந்தது. பிரிட்டிஷ் வீரரோடு பஞ்சாப் படையணி வீரரும் தோளொட்டி நின்று ஜப்பானியரை எதிர்த்தனர். இவர்களுடைய லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியின் தோட்டாக்கூட்டுக்கு அடியில் விளிம்பு நன்றாகப் புடைத்திருக்கும். ஜப்பானியக் காலாட்படையின் 6.5 மில்லிமீட்டர் கூட்டிலோ அவ்விளிம்பு மிகச் சிறியது. அதன் ரவையும் மெலிந்தது. பாய்ந்து விழுந்த ரவையின் மேல் குழல் பதித்த வரிகளும் சாட்சி சொல்லும். லீ-என்ஃபீல்டில் பெரும்பாலும் ஐந்து வரிகள். அவை இடப்புறம் முறுகும். ஜப்பானியத் துப்பாக்கியில் வலப்புறம் முறுகும்.

பிரிட்டிஷ் கூட்டின் அடியில் தொழிற்சாலை முத்திரையும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 'கே.எஃப்.' என்றிருந்தால் அது புனே அருகிலுள்ள கிர்க்கியில் செய்யப்பட்டது. அந்த ஆண்டு செய்த ஆண்டேயன்றிச் சுட்ட ஆண்டன்று. 48 என்றிருந்தால் கம்பார் போரைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. ஆனால் 41 என்றிருப்பது 1948-க்குப் பின்னும் சுடப்பட்டிருக்கலாம்.

ஏனெனில், பிரிட்டிஷார் விட்டுச்சென்ற ஆயுதங்களை ஜப்பானிய எதிர்ப்புக் கெரில்லாக்கள் திரட்டிக்கொண்டார்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. அப்போது காட்டிலிருந்தவரும் அரசுப் படையினரும் ஒரே இனத் தோட்டாவைப் பயன்படுத்தினர். ஆகவே, தோட்டா துப்பாக்கியைக் காட்டும். சுட்டவர் இன்னார் என்று காட்டாது.

இந்த வேறுபாடு சிறியதன்று. அவசரகாலச் சட்டப்படி அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்போர்க்கு மரண தண்டனை விதிக்க முடிந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். லயத்து ஓரத்தில் கிடைத்த ஒரு கூட்டைக் கொண்டு அங்கு வாழ்ந்த பால்மரத் தொழிலாளியின் மேல் பழி சுமத்துவது எவ்வளவு கொடுமை!

வெற்றுக்கூடு பெரும்பாலும் சுட்டவர் நின்ற இடத்தில் விழும். ரவை போய்ப் பாய்ந்த இடத்தில் கிடக்கும். இரண்டையும் பொறுக்கி ஒரே டப்பாவில் போட்டுவிட்டால் அந்தச் சாட்சியம் அழிந்துபோகும். ஆதலின் தோண்டி எடுக்காமல், இடத்தைக் குறித்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சுடாத தோட்டா இன்றும் வெடிக்கக்கூடும். உரிமமின்றி வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமுமாகும். தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். பிறகு, அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்களிடம் கேளுங்கள். சுட்டது யாரென்று தோட்டா சொல்லாததை அவர்கள் சொல்லக்கூடும்.