குதிரையேற்றப் போட்டிகளில் உடையும் சேணமும்

குதிரையேற்றப் போட்டிகளில் வீரர் உடுத்தும் உடைக்கும், குதிரைக்குப் பூட்டும் சேணம், கடிவாளம் முதலியவற்றுக்கும் விரிவான விதிகள் உண்டு. 1921-இல் நிறுவப்பட்டு, இன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து இயங்கும் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு (எஃப்.இ.ஐ.) அவற்றை வகுக்கிறது. கோட்டின் நிறம், கையுறை, குதிமுள்ளின் வடிவம் தொடங்கிக் கடிவாளக் கம்பியின் தடிமன் வரை விதிப்புத்தகம் பேசுகிறது. இவற்றுள் எது வீரரின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது, எது குதிரையின் நலனுக்காக ஏற்பட்டது, எது பழக்கத்தால் மட்டுமே நிலைத்திருக்கிறது என்பதே இத்துறையில் நீடிக்கும் விவாதம்.

மரபு உடை இரண்டு இடங்களிலிருந்து வந்தது: ஐரோப்பியக் குதிரைப்படை, இங்கிலாந்தின் நரி வேட்டை. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸேஜ் (குதிரை பயின்ற அசைவுகளைக் காட்டுவது), தடை தாண்டல், ஈவென்டிங் (இவ்விரண்டோடு நெடுவெளி ஓட்டமும் சேர்ந்தது) ஆகிய மூன்றும் இடம்பெற்றபோது களத்தில் இருந்தவர்கள் ராணுவ அதிகாரிகள். அவர்களுக்குச் சீருடையே போட்டி உடை. இந்தப் படைப் பிடிப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதை 1948 லண்டன் ஒலிம்பிக் காட்டியது. டிரெஸ்ஸேஜ் குழுப் போட்டியில் சுவீடன் தங்கம் வென்றது. குழுவில் இருந்த கேனால் பெர்சன் உண்மையில் அதிகாரி அல்லர், சார்ஜன்ட் என்று தெரிந்ததும் அந்தத் தங்கம் பறிக்கப்பட்டு பிரான்சுக்குப் போயிற்று. 1952 ஹெல்சிங்கியில் விதி தளர்ந்தது. சார்ஜன்ட்களும் படை சாராதவர்களும் பெண்களும் டிரெஸ்ஸேஜில் பங்கேற்றனர். அதே பெர்சன் இடம்பெற்ற சுவீடன் குழு மீண்டும் தங்கம் வென்றது. இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்ட டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் தனிநபர் வெள்ளி வென்றார். படை மட்டுமே ஆண்ட களம் எல்லோருக்கும் திறந்தது. உடை விதி மட்டும் படையின் காலத்திலேயே நின்றுவிட்டது.

தடை தாண்டலில் காணும் சிவப்புக் கோட்டும் கழுத்தில் கட்டும் வெள்ளைத் துணியும் வேட்டைக் களத்தின் மிச்சம். சிவப்பை எல்லா நாடுகளும் ஏற்கவில்லை. அயர்லாந்து அணி பச்சைக் கோட்டில் வருகிறது. ராணுவ, காவல் துறை வீரர்கள் இன்றும் சீருடையில் போட்டியிடலாம்.

மரபு முழுவதும் ஐரோப்பாவில் பிறந்தது என்று எண்ணுவது தவறு. தொடைப் பகுதியில் அகன்று, முழங்காலுக்குக் கீழே காலோடு ஒட்டி நிற்கும் கால்சட்டை ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து சென்றது. 1897-இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக இங்கிலாந்து சென்ற சர் பிரதாப் சிங்கும் அவருடைய போலோ அணியும் அதை அங்கே பரப்பினார்கள். நம் நாட்டு உடை ஒன்று ஒரு தலைமுறைக்குள் ஆங்கிலேய மரபாகவே ஆகிவிட்டது. நெகிழும் துணி வந்த பிறகு தொடையின் அகலம் தேவையற்றுப் போய் மறைந்தது. ‘ஜோத்பர்ஸ்’ என்று ஜோத்பூரின் பெயர் மட்டும் நின்றது.

உடைக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது டிரெஸ்ஸேஜில்தான். கறுப்பு அல்லது கருநீல வால் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கையுறை, உயரமான பட்டுத் தொப்பி என்பதே உயர்நிலைப் போட்டியின் கோலம். வேறு அடர் நிறங்களை அனுமதித்த பிறகும், நிற அளவுகோலில் ஒளிர்வு 32 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். ஒரு கோட்டு எவ்வளவு பழுப்பாக இருக்கலாம் என்பதை எண்ணால் அளந்த காலம் அது. பின்னர் ஒற்றை நிறக் கோட்டு எதுவும் அணியலாம் என்று விதி இளகியது. இசைக்கேற்பத் தானே அமைத்த அசைவுகளைக் காட்டும் ஃப்ரீஸ்டைல் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே சேர்ந்துவிட்டது. ஆட்டத்தில் கிடைத்த உரிமை உடைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

உயரத் தொப்பி போன வரலாறு தனியாகச் சொல்லத்தக்கது. 2010 மார்ச்சில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடிய கோர்ட்னி கிங்-டை பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்ததில் தலையில் பலத்த அடிபட்டு, வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். அப்போது அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அதன்பின் தலைக்கவசத்துக்கான இயக்கம் அமெரிக்காவில் வேகம் பெற்றது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பலர் உயரத் தொப்பியோடு வந்தபோது, பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் தலைக்கவசத்தோடு வலேக்ரோ என்ற குதிரையில் தங்கம் வென்றார். நேர்த்தி தொப்பியில் இல்லை என்பதற்கு அதைவிட வலிய சான்று தேவைப்படவில்லை. ஆயினும் உயர்நிலை வீரர்களில் ஒரு பகுதியினர் தொப்பியைத் தங்கள் கலையின் அடையாளமாகக் கண்டு, அணிவதும் விடுவதும் தங்கள் விருப்பமாக இருக்க வேண்டும் என்று வாதாடினார்கள். தன் விருப்பம் என்ற வாதத்தை இங்கே கையில் எடுத்தது மரபின் தரப்பு. 2021 ஜனவரி 1 முதல் எஃப்.இ.ஐ. தலைக்கவசத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. நடுவருக்கு வணக்கம் சொல்ல ஆண்கள் தொப்பியைக் கழற்றும் வழக்கமும் அதோடு போயிற்று. தாடையில் வார் பூட்டிய கவசத்தைக் கழற்ற முடியாது. இப்போது ஒரு கையைத் தாழ்த்தித் தலையசைக்கிறார்கள். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய முடிவு சரியானது. பத்தாண்டு முன்னரே வந்திருக்க வேண்டியது.

ஈவென்டிங்கின் நெடுவெளி ஓட்டத்தில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. அங்கே உடல் கவசத்தின் நிறம், தலைக்கவசத்தின் மேல் மாட்டும் உறை எல்லாம் வீரரின் சொந்தத் தேர்வு. தூரத்திலிருந்தே வருவது யார் என்று பார்வையாளர் சொல்லிவிடுவார். இந்த வழக்கத்துக்குக் குதிரைப் பந்தயத்தோடு உறவு உண்டு: 1762-இல் இங்கிலாந்தின் ஜாக்கி கிளப், உரிமையாளர்கள் தத்தம் நிறங்களைப் பதிவு செய்யச் செய்தது. தனி நிறம் என்பதும் இவ்வாறு 250 ஆண்டுக்கு மேற்பட்ட மரபுதான்.

ஒலிம்பிக் வட்டத்துக்கு வெளியே மரபும் தன்வெளிப்பாடும் பகையாக நிற்பதில்லை. 2016-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்த மெக்சிகோவின் குதிரையேற்றக் கலையான சார்ரேரியாவில் அகன்ற தொப்பி, கோட்டு, சேணம் எல்லாமே விதிக்கு உட்பட்டவை. அதன் பெண்கள் பிரிவான எஸ்கராமுசாவில் 8 பேர் கொண்ட குழு, ஒருபுறமாக அமரும் சேணத்தில், நீண்ட பாவாடையும் உள்பாவாடைகளும் அணிந்து குதிரைகளை விரட்டிக் குறுக்கும் நெடுக்கும் பாய்கிறது. உடையின் அமைப்பு மாறாது. நிறத்திலும் பூவேலையிலும் ஒவ்வொரு குழுவும் தன் ரசனையைக் காட்டும். போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் நாடுகளில் வளர்ந்த ‘ஒர்க்கிங் எக்விடேஷன்’ போட்டியில் வீரர் தம் நாட்டு மேய்ச்சல் வாழ்க்கையின் உடையிலும் சேணத்திலும் வரலாம். இரண்டும் ஒரே மரபைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இந்திய ராணுவ வீரர்கள் தரையில் அறைந்த முளையை ஈட்டியால் பிடுங்கும் போட்டியில் தலைப்பாகையோடு பாய்வதும் இவ்வகையே.

சேணமும் கடிவாளமும் வேறு தராசில் வைக்கப்பட வேண்டியவை, ஏனெனில் அவை குதிரையின் உடலைத் தொடுகின்றன. இங்கே மரபை உடைத்தவர்களில் முதன்மையானவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி (1868–1907). தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து லகானை இழுப்பதே அதுவரை போதிக்கப்பட்டது; அது குதிரையின் வாயையும் முதுகையும் வதைத்தது. அவர் அங்கவடியைக் குட்டையாக்கி, உடலை முன்னால் கொண்டுவந்து, குதிரையின் கழுத்துக்கு விடுதலை தந்தார். சேணத்தின் பக்கமடல்களும் அதற்கேற்ப முன்னோக்கி நகர்ந்தன. இன்றைய தாண்டல் சேணம் அந்தச் சிந்தனையின் வடிவம்.

இரட்டைக் கடிவாளத்தின் கதை அவ்வளவு தெளிவாக முடியவில்லை. வாயில் இரண்டு கம்பிகள். ஒன்று நெம்புகோலாக இயங்கித் தாடைக்குக் கீழே உள்ள சங்கிலியை இறுக்கும். கைதேர்ந்தவரிடம் அது நுண்மையான கருவி, முரட்டுக் கையில் வலி. உயர்நிலை கிரான் ப்ரீ போட்டிகளில் அது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. ஒற்றைக் கம்பிக் கடிவாளத்தில் அதே அசைவுகளைக் காட்ட வல்ல வீரருக்கும் குதிரைக்கும் அந்த வாய்ப்பை மறுப்பதற்கு மரபைத் தவிர வலுவான காரணம் இல்லை.

மறுபுறம், இளைஞர்களிடம் பரவியுள்ள அலங்காரம் பெரும்பாலும் தீங்கற்றது. நெற்றிப்பட்டையில் பதித்த மணிகள், கோட்டுக் கழுத்தின் மாற்று நிறம், பயிற்சியில் சேண விரிப்பும் காதுறையும் காலுறையும் ஒரே வண்ணத்தில் அமைவது ஆகியவற்றால் குதிரைக்கு ஒன்றும் ஆவதில்லை. மூக்குப்பட்டையை இறுக்குவதால் ஆகிறது: வாய் திறப்பது மறைந்து குதிரை அமைதியாகத் தோன்றும், அமைதிக்கு மதிப்பெண் உண்டு. பட்டைக்கும் எலும்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய பாடம். விரல் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அந்தப் பாடம் களத்தில் பயன்படாமல் கிடந்தது. 2025-இல்தான் எஃப்.இ.ஐ. தன் போட்டிகளில் மூக்குப்பட்டையின் இறுக்கத்தை அளக்க ஒரே சீரான கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.