நடுகல்

‘நடு’ என்னும் வினையும் ‘கல்’ என்னும் பெயரும் சேர்ந்த வினைத்தொகை. நட்ட கல், நடுகிற கல், நடப்போகும் கல் என மூன்று காலமும் இதில் அடங்கும். போரில் மாண்ட வீரனுக்கு நட்டது. அரசனுக்கு மட்டுமன்று, ஊர் மாட்டைக் கவர வந்தோரை மறித்து விழுந்த எளிய காவலனுக்கும் நட்டார்கள். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்றும் ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கானதே. பெயர் பொறித்தல் இம்மரபின் உயிர்நாடி என்பேன்.

இம்மரபை நினைவூட்டும்படி, மெல்பேர்ணில், சென்ற் கில்டா வீதியோரம், கிங்ஸ் டொமைனில், கடமையில் உயிர்நீத்த விக்டோரியாக் காவலர்களுக்கு நினைவிடம் உண்டு. 2020 ஏப்ரல் 22 அன்று ஈஸ்டேர்ன் நெடுஞ்சாலையில், பாரவண்டி மோதி லினெற் டெய்லர், கெவின் கிங், கிளென் ஹம்ப்ரிஸ், ஜொஷ் பிரெஸ்ட்னி ஆகிய காவலர் நால்வரும் ஒருசேர மாண்டனர். வாகனச் சோதனையில் நின்றிருந்தவர்கள் அவர்கள். ஆஸ்திரேலியக் காவலர் நினைவு நாள் செப்ரெம்பர் 29. அந்த நினைவிடத்தை நடுகல் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம்.