உயிலும் நிலப்பட்டயமும் உரைக்கும் வமிசக் கதை

வட அமெரிக்காவின் கீழ்க்கரையில், வர்ஜீனியா என்னும் நாட்டில், ஆங்கிலேயர் குடியேறியது 1607-ஆம் ஆண்டில். அங்குச் சென்றோருள் கவர்னர்களும் தனவந்தர்களும் தம் பெருமையைத் தாமே எழுதி வைத்துக்கொண்டனர். ஏவலாளராகவும் அடிமைகளாகவும் சென்றவர்களுக்கோ எழுத்தும் இல்லை, எழுதுவாரும் இல்லை. ஆயினும் அவர்கள் வரி செலுத்தினர், நிலம் வாங்கினர், வழக்காடினர். அவ்வப்போது நீதிமன்ற எழுத்தர் ஒரு வரி எழுதினார். அவ்வரிகளைக் கோத்துத்தான் இன்று அமெரிக்கர் பலர் தம் முன்னோரைத் தேடுகின்றனர்.

நம்மவர் ஊரில் வீடு விற்கும்போது மூலப் பத்திரம் எங்கே என்று பெட்டியைத் துழாவுவதை அறிவோம். தாத்தாவின் தகப்பனார் பெயர் குடும்பத்தில் ஒருவருக்கும் நினைவில்லாதிருக்க, பழைய கிரயப் பத்திரம் ஒன்று அப்பெயரை எடுத்துக் கொடுத்துவிடும். அமெரிக்கர் செய்வதும் அதுவே. அவர்கள் அதனை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்துவிட்டனர்.

அதற்கு நல்லதோர் உதாரணம் ஆன்டனி ஜான்ஸன் என்பவரின் வரலாறு. 1625-ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் எடுத்த குடிக்கணக்கில் 'அந்தோனியோ, நீக்ரோ' என்று ஒரு பெயர் வருகிறது. 1621-இல் ஜேம்ஸ் என்னும் கப்பலில் வந்தவர் என்றும் அதில் கண்டிருக்கிறது. அதே பண்ணையில் மேரி என்ற ஆப்பிரிக்கப் பெண்; அவர் வந்தது 1622-இல். அவ்வாண்டு மார்ச்சு மாதம் செவ்விந்தியர் குடியேற்றங்களைத் தாக்கியபோது அப்பண்ணையில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். தப்பிப் பிழைத்த வெகு சிலருள் இவர் ஒருவர்.

பின்னர் நெடுங்காலம் ஏடுகள் மௌனம் சாதிக்கின்றன. 1651-இல் ஆன்டனி ஜான்ஸன் என்பவர் நார்தாம்ப்டன் கௌண்டியில் 250 ஏக்கர் நிலத்திற்குப் பட்டயம் பெறுகிறார். அந்தோனியோதான் இந்த ஆன்டனி என்று எவ்வாறு துணிவது? 1653-இல் இவருடைய பண்ணை தீக்கிரையாயிற்று. வரி விலக்கு வேண்டி இவர் விண்ணப்பிக்க, மேரிக்கும் இரு பெண்களுக்கும் ஆயுள் முழுதும் வரி வேண்டாமென நீதிமன்றம் உத்தரவிட்டது. 1643-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெள்ளை மாதருக்கு இல்லாத தலைவரி ஆப்பிரிக்க மாதருக்கு இருந்ததால் இது சிறு சலுகையன்று. அந்த உத்தரவில், இத்தம்பதிகள் முப்பதாண்டுக்கு மேலாக அந்நாட்டில் வாழ்ந்துவருவோர் என்று எழுதப்பட்டிருக்கிறது. 1653-இலிருந்து முப்பதைக் கழித்தால் விடை தானே வருகிறது. எழுத்தர் போகிற போக்கில் எழுதிய அவ்வொரு சொற்றொடர் இல்லையேல் சங்கிலி அறுந்திருக்கும்.

அந்த 250 ஏக்கர் வந்த வகையும் அறியத்தக்கது. ஓர் ஆளைத் தம் செலவில் கப்பலேற்றிக் கொணர்ந்தவருக்கு 50 ஏக்கர் என்பது அக்காலத்து விதி. ஜான்ஸன் ஐந்து பெயர்களைக் காட்டினார். அவற்றுள் ஒன்று ரிச்சர்டு ஜான்ஸன். அவருடைய மகன் பெயரும் அதுவே. ஆனால் ஆராய்ச்சியாளர் இங்கே அவசரப்படலாகாது. இவ்வுரிமைகள் கைமாறி விற்கப்பட்டன. பட்டயத்தின் ஆண்டு கப்பலேறிய ஆண்டாகாது. பெயர் ஒன்றாயிருப்பதால் ஆளும் ஒருவராகிவிட மாட்டார்.

இத்தகைய பட்டியல் ஒன்றிலேயே, 1630-களில், ஜார்ஜ் மெனிஃபீ என்ற வணிகர் காட்டிய ஆட்களுள் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒரு பெயர் உள்ளது. நம் நாட்டவர் ஒருவர் அமெரிக்கக் கரையேறியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. பெயர் மாற்றப்பட்டு, ஊர் இழந்து, 50 ஏக்கருக்கு ஈடாக எழுதப்பட்ட அம்மனிதரை எண்ணுங்கால் உள்ளம் நெகிழ்கிறது.

ஜான்ஸனிடம் மீள்வோம். முன்னோரைத் தேடுவோர் விரும்பாததும் ஏட்டில் கிடைக்கும். ஜான் கேஸர் என்ற ஆப்பிரிக்கர், தாம் சில ஆண்டு ஒப்பந்த ஏவலரே, கெடு முடிந்தும் ஜான்ஸன் விடவில்லை என்று முறையிட்டு அண்டை வெள்ளையரிடம் சென்றார். 1655-இல் நீதிமன்றம் ஜான்ஸன் பக்கம் தீர்ப்பளித்தது. கேஸர் ஆயுள் அடிமையானார். அடிமையாக வந்தவரே ஆண்டையாக நின்ற இக்கட்டத்தை மறைத்து வமிசாவளி எழுதுவது நேர்மையாகாது.

1665-ஐ ஒட்டிக் குடும்பம் மேரிலண்டுக்குப் பெயர்ந்து, 300 ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, 'டோனியின் திராட்சைத் தோட்டம்' எனப் பெயரிட்டது. போகுமுன் ஜான்ஸன் 200 ஏக்கரை விற்றார். பெற்றது 250, விற்றது 200, எஞ்சிய 50 எங்கே? நிலத்தைக் கொண்டு வாரிசைக் காணும் முறை இதுவே. அந்த 50 ஏக்கர் மகன் ரிச்சர்டுக்கு விடப்பட்டது. உயில் கிடைக்காத குடும்பங்களில் இக்கணக்கு மிகவும் பயன்படும். ஏனெனில் வர்ஜீனியாவில் 1785-இல் சட்டம் மாறும்வரை, உயிலின்றி இறந்தவரின் நிலம் முழுதும் மூத்த மகனையே சேர்ந்தது. எழுதாமலே அவருக்குச் சேரும் என்பதால், உயில்களிலும் மூத்தவர் பெயர் விடுபடுவதுண்டு. நிலம் விற்கையில் மனைவி தம் பங்குரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததால், மாதர் பெயர்களைக் கிரயப் பத்திரங்களில்தான் தேடவேண்டும்.

1670-இல் ஆன்டனி ஜான்ஸன் காலமானார். அவ்வாண்டே வர்ஜீனியாவில் வெள்ளையர் அடங்கிய ஜூரி கூடி, இறந்தவர் நீக்ரோ, ஆதலால் அந்நியர் என்று கூறி, அந்த 50 ஏக்கரை அரசு எடுத்துக்கொள்ளலாம் எனத் தீர்மானித்தது. ஐம்பதாண்டுக்கு முன் வந்து, பட்டயம் பெற்று, வரி செலுத்தியவர் அந்நியராம்! 

இவ்வளவும் நமக்குத் தெரிவது அந்தக் கௌண்டியின் நற்பேற்றால். அங்கே 1632 முதல் நீதிமன்ற ஏடுகள் அறாமல் தொடர்கின்றன. வர்ஜீனியாவின் வேறு சில கௌண்டிகள், உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்கென ரிச்மண்டு நகருக்கு அனுப்பிய ஏடுகள், 1865-இல் அந்நகர் எரிந்தபோது சாம்பலாயின.

மேரி, கணவருக்குப் பின் குத்தகையை 99 ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டார். 1672-இல் பேரர் மூவருக்கும் ஆளுக்கொரு பசுவைக் கன்றுடன் எழுதி வைத்தார். 1677-இல் ஒரு பேரர் மேரிலண்டில் 44 ஏக்கர் வாங்கினார். அக்காலத்தில் நிலத்திற்குப் பெயரிட்டுப் பதிவது மேரிலண்டு வழக்கம். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு இக்குடும்பம் ஏடுகளிலிருந்து மறைந்துவிடுகிறது. பாட்டனார் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதற்கு ஆராய்ச்சியாளர் பிடித்துக்கொள்ளும் குறிப்பு, அந்த 44 ஏக்கருக்குப் பேரர் இட்ட பெயர்: அங்கோலா.