முன்கதையில் விரியும் கிளைகள்: கூடியாட்ட நிர்வஹணமும் பகடைக் கதையாட்டமும்

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் இவ்வகைக் கதையாட்டத்தை நடத்துபவருக்கு அன்று தொடங்கிய இக்கட்டு இன்றும் தீரவில்லை. ஆடுவோர் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. திரும்பக்கூடிய பக்கமெல்லாம் கதை எழுதி வைக்கலாமென்றால் ஏடு கொள்ளாது. திருப்பத்துக்கு இரண்டே வழி என்று கொண்டாலும் பத்துத் திருப்பங்களில் 1,024 முடிவுகள் வந்து நிற்கும். 1982இல் வந்த ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்’ என்னும் கிளைக்கதை நூல் 400 எண்ணிட்ட பகுதிகளுக்குள் அடங்கியது. பிரிந்த வழிகளை மறுபடி மறுபடி ஒன்றுசேர்த்ததால் அது இயன்றது. அச்சு நூலுக்கு அந்த உத்தி போதும். எதிரில் உட்கார்ந்திருப்பவரோ, எழுதப்படாத இன்னொரு வழியைக் கேட்பார்.

இதற்கு ஏற்ற தயாரிப்பு முறை கேரளத்தின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தில் இருக்கிறது என்பது என் வாதம். திருவனந்தபுரத்தில் டி. அப்புக்குட்டன் நாயர் முன்னின்று 1970இல் தொடங்கிய மார்கி, கதகளியோடு இக்கலையையும் பயிற்றுவித்து வருகிறது. செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனைச் சிலப்பதிகாரத்தில் கண்டவர்களுக்கு, இக்கலையை ஆடிவரும் சாக்கியார் மரபு அயலாகவும் தோன்றாது.

கூடியாட்டத்தில் ஒரு பாத்திரம் அரங்கேறியதும் கதை முன்னே நகராது. நிர்வஹணம் என்ற பகுதியில் அது பின்னோக்கிப் போகும். ‘இது எப்படி நேர்ந்தது? அதற்கு முன்பு என்ன?’ என்று கேள்வி கேள்வியாக நடிகர் மூலத்துக்கு இறங்குவது அனுக்கிரமம். அங்கிருந்து நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகத் தொகுத்துக்கொண்டு ஏறுவது சங்க்ஷேபம். அதன்பின் அவற்றையே விரித்து ஆடி, நாடகம் நின்ற இடத்துக்குத் திரும்பி வருவார். சக்திபத்திரரின் ‘ஆச்சரிய சூடாமணி’ நாடகத்தின் ஆறாம் அங்கமான அங்குலீயாங்கத்தில் அனுமனாக வரும் ஒற்றை நடிகர் இராம கதை முழுவதையும் இப்படிச் சுமக்கிறார். வேடத்தை மாற்றாமலே பாத்திரம் விட்டுப் பாத்திரம் தாவும் பகர்ந்தாட்டமும் அவருக்குக் கைகொடுக்கிறது. ஒரே ஆள் ஊரையும் பகைவரையும் காவலரையும் நடித்துக் காட்ட வேண்டிய ஆட்ட நடத்துநரின் நிலைமையும் இதுதான்.

அதே நாடகத்திலிருந்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இராமனின் தூதனான அனுமன் அவனுடைய கணையாழியோடு, சீதை இருக்கும் அசோகவனத்துக்குள் நுழைகிறான். ஆடுவோர் உடனே அதை நீட்டலாம், மறைந்திருந்து கேட்கலாம், காவல் அரக்கியரோடு பேரம் பேசலாம். முன்னோக்கி எழுதுபவர் இவை ஒவ்வொன்றுக்கும் காட்சி எழுதியாக வேண்டும். பின்னோக்கித் தயாரித்தவருக்கு ஒரு செய்தி போதும்: இந்த நாடகத்தில் இராவணன் இராமன் உருவிலேயே வந்து சீதையை ஏமாற்றியவன். இராமன் முகத்தையே நம்பி ஏமாந்தவள் அவனுடைய தூதனை எளிதில் நம்புவாளா? அவளிடம் யார் எந்த வழியில் போனாலும் அவளுடைய பதில் அந்தக் காயத்திலிருந்தே பிறக்கும். ஆகவே கிளைகளை எதிர்காலத்தில் வரைவது வீண் உழைப்பு. பாத்திரங்களின் இறந்தகாலத்தை ஆழமாக அறிந்திருந்தால், கேட்கப்படும் கிளை அந்த நொடியிலேயே முளைக்கும்.

ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானது. சாக்கியாருக்கு ஆட்டப்பிரகாரம் என்னும் நடிப்பேடு இருக்கிறது. அவர் எவ்வளவு விரித்தாலும் கதையின் முடிவு மாறாது. அவையிலிருப்பவர் எழுந்து அனுமனைத் திருப்பி அனுப்ப முடியாது. இதை ஏற்கிறேன். நிர்வஹணத்தை ஆட்டமாகவே எடுத்துக்கொண்டால் மேசையில் ஆடுவோர் வெறும் பார்வையாளராகிவிடுவார்கள். நடத்துநர் அதை எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் முந்தைய நாளின் ஒத்திகை. ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் தனியே உட்கார்ந்து, அனுக்கிரமம்போல் கேள்வி கேட்டு மூலம்வரை இறங்கிப் பார்க்கவேண்டும்.

பகடை எதிராக விழுந்தாலும் இம்முறை துணை நிற்கிறது. நீட்டிய கணையாழி கைதவறி, மாற்றுருவில் நிற்கும் அரக்கி ஒருத்தியின் கையில் பட்டுவிட்டதென்று கொள்வோம். நடத்துநர் இதை எழுதி வைத்திருக்கமாட்டார். ஆனால் முனிவர்கள் தந்த அந்தக் கணையாழி பட்டால் மாய உருவம் நில்லாது என்பதை நாடகம் முன்பே சொல்லியிருக்கிறது. சூர்ப்பணகையின் சீதை வேடம் கலைந்தது அதனால்தான்.