கடவுளிடமே சந்தா கேட்ட கதை

பூவம் காரைக்கால் பகுதியின் வடக்கு எல்லை. இதைத் தாண்டி வடக்கே போனால் பொறையார், அப்புறம் தரங்கம்பாடி. சீகன்பால்கு அச்சகம் வைத்த ஊர். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிசாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகி முடிந்தது. அவர்களுக்குக் காகிதக் கவலை இருந்தது, "யார் காசு கொடுத்து வாங்குவார்?" என்ற கவலை இல்லை. செலவு ஐரோப்பாவிலிருந்த மிஷன் ஆதரவாளர்களுடையது.

அந்தக் கவலை தமிழ் எழுத்தாளனை நன்றாகப் பிடித்துக்கொண்டது சுமார் 200 வருஷம் கழித்து. நம்ம நவீன இலக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாரதியிலிருந்தும் மேல்நாட்டுப் பாதிப்பிலிருந்தும் ஆரம்பிப்பார்கள். சந்தையை ரொம்பப் பேர் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனால் அதுதான் பாதிக் கதை.

1928-ல் எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனை வாங்கினார். அதற்கு முன் அவர் செய்துவந்தது விளம்பரத் தொழிலும் தபாலில் பொருள் விற்பதும். பத்திரிகையும் ஒரு சரக்கு, அதை விற்கத் தனி சாமர்த்தியம் வேண்டும் என்று தெரிந்த மனுஷர். ஜோக், கல்கியின் எழுத்து, பரிசுப் பணத்தோடு குறுக்கெழுத்துப் போட்டி... விற்பனை ஏறியது. அதே காலத்தில்தான் காப்பியும் நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்குள் நிலையாக உட்கார்ந்தது. காலையில் ஃபில்டர் காப்பி, கையில் வாரப் பத்திரிகை. ஒரே வீடு, ஒரே மாதச் சம்பளம், ஒரே வாடிக்கையாளர்!

1933-ல் மணிக்கொடி வந்தது. 1935-ல் பி.எஸ்.ராமையா பொறுப்பில் சிறுகதைப் பத்திரிகையாக மாறியது. புதுமைப்பித்தன், கு.ப.ரா., ந.பிச்சமூர்த்தி, மௌனி எல்லாரும் அதில் எழுதினார்கள். இன்றைக்கும் நாம் பேசுகிற கதைகள் அவை. பத்திரிகை மட்டும் அந்தப் பத்தாண்டைத் தாண்டவில்லை. வாங்குகிறவர் போதவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சந்தை ஒதுக்கிய எழுத்து சந்தையை ஒதுக்கவில்லை. 1943-ல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே பிள்ளைவாளுக்குப் பிரச்சினை, கையிலிருக்கும் சில்லறையில் காப்பியா, டிராமா, வெற்றிலையா என்பது. கடவுள் வந்தாலும் அழைத்துப் போவது கோயிலுக்கில்லை, காப்பி ஹோட்டலுக்கு. அங்கே சிக்கரி என்றால் என்ன என்று கடவுளுக்கு விளக்கம் வேறு! பிறகு தன்னுடைய வைத்தியப் பத்திரிகைக்கு அவரை ஜீவிய சந்தாதாரராகச் சேரச் சொல்கிறார். சிரிப்புக்குப் பின்னால் ஒரு சிறுபத்திரிகைக்காரனின் வயிற்றெரிச்சல் தெரியவில்லையா?

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. ஷாங்காயின் நான்ஜிங் சாலையில் 1917-ல் சின்சியர், 1918-ல் விங் ஆன் என்று பெரிய பல்பொருள் அங்காடிகள் திறந்தன. அந்த நகரத்தில் 1932-ல் ஷி ஜெட்சுன் நடத்த ஆரம்பித்த பத்திரிகைக்குப் பெயரே 'நவீனம்' என்று பொருள்படும். அதில் எழுதிய மூ ஷியிங்கின் கதைகளில் நடன அரங்கு, நியான் விளக்கு, கார், சினிமா எல்லாம் பாத்திரங்கள் மாதிரியே நடமாடும். அந்த மினுமினுப்பில் மயக்கமும் உண்டு, அதன் அடியில் தனிமையும் உண்டு.

டப்ளினுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' (1922) நாவலின் நாயகன் ப்ளூம் யார் தெரியுமா? பத்திரிகைக்கு விளம்பரம் பிடிக்கிற ஆள். அந்த நாவலோ சாதாரணச் சந்தைக்கு வரமுடியாமல், பாரீஸில் ஒரு புத்தகக் கடைக்காரப் பெண்மணியால், முன்கூட்டியே சந்தா சேர்த்து, 1000 பிரதிகள் மட்டும் அச்சாயிற்று. விளம்பரக்காரனைப் பற்றிய புத்தகத்துக்கும் சந்தாதாரர்தான் கதி!

ஆக, ஷாங்காய் சந்தையில் கிறங்கியது. டப்ளின்காரர் அதை உற்றுப் பார்த்தார். நம்மாள் அதோடு காப்பி குடித்துக்கொண்டே கேலி செய்தார். மூன்று இடத்திலும் சந்தை வெறும் பின்னணி இல்லை. எழுத்தின் பொருளும் அதுதான், எழுத்தை நெரித்ததும் அதுதான்.

கேலி செய்தவருக்கு என்ன ஆயிற்று? கடைசியில் பிழைப்புக்காக சினிமாவுக்குப் போனார். எழுதிய படங்களில் ஒன்று 'ஔவையார்'. தயாரித்தது ஜெமினி, அதாவது விகடன் வாசனின் நிறுவனம். அப்புறம் சொந்தப் படக் கம்பெனி ஆரம்பித்தார், தேறவில்லை. 'ராஜமுக்தி' வேலையாகப் புனே போன இடத்தில் காசநோய் முற்றி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42.

சந்தையைத் திட்டி என்ன பண்ண? விகடன் கதை படிக்கிற பழக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோகாவிட்டால், மணிக்கொடி யாரோடு சண்டை போட்டிருக்கும்? ஆனால் அந்த வீடுகளில் சில ஆயிரம் பேர் கூடுதலாக ஒரு சந்தா கட்டியிருக்கலாம். நமக்கு இன்னும் எத்தனை கதை கிடைத்திருக்குமோ... ஒரு நல்ல சிறுபத்திரிகை கண்ணில் பட்டால் சந்தா கட்டிவிடுங்கள். எழுதுகிறவன் கடவுளிடம் போய்க் கேட்கும்படி வைக்க வேண்டாம்.