உலைப்பானையிலிருந்து குழந்தையின் கிண்ணத்திற்கு: உணவளவீட்டு வரலாறும் ஜவ்வாது மலையும்

ஊரக மக்களின் உணவை அறிவியல்முறையில் அளந்தறியும் முயற்சிக்குத் தென்னிந்தியாவில் குன்னூர் களமாயிற்று. 1918இல் இராபர்ட் மெக்காரிசன் அங்குத் தொடங்கிய ஆய்வுப்பிரிவு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1935இல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு அதன் இயக்குநரானபின் சிற்றூர்களில் உணவுக் கணக்கெடுப்புகள் நடைபெற்றன. வீட்டில் சமைக்கப்படும் பொருள்கள் நிறுக்கப்பட்டு, உறுப்பினர்களின் 'நுகர்வலகு'களால் வகுக்கப்பட்டன. வளர்ந்த ஆணின் தேவை ஓர் அலகு. குழந்தைக்கு அதன் ஒரு பின்னம். வீட்டின் இருப்பை இம்முறை காட்டியது. ஆயின் குழந்தை உண்ட அளவைக் காட்டவில்லை. கண்டறிய வேண்டிய பங்கீட்டை அது முன்கூட்டியே ஊகித்துக்கொண்டது.

1972இல் நிறுவப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு, முந்தைய 24 மணி நேர உணவை நினைவுகூரச் செய்யும் முறையைப் பரவலாக்கியது. அளவுக் கிண்ணங்களைக் காட்டி, ஒவ்வொருவரும் உண்டது தனித்தனியே கேட்கப்பட்டது. இதனால் குழந்தை தனி ஆளாகக் கணக்கில் வந்தது. எனினும் விடை கூறுபவர் தாயே. தாய் கொல்லைக்காட்டில் இருக்கையில் பாட்டியோ அக்காவோ ஊட்டியது அவ்விடையில் விடுபடக்கூடும். தாய்ப்பாலின் அளவோ கிண்ணத்திற்குள் அடங்காது.

எடையறிவதன் கடினத்தைத் தவிர்க்க, உணவு வகைகளை எண்ணும் முறை எழுந்தது. 6 முதல் 23 மாதக் குழந்தை, ஏழு வகைகளுள் நான்கையேனும் உண்ண வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2008இல் வரையறுத்தது. பின்னர் 2021இல் தாய்ப்பாலையும் ஒரு வகையாகச் சேர்த்து, எட்டனுள் ஐந்து என மாற்றியது. ஜவ்வாது மலைக்கு இவ்வெண்ணிக்கை முழுமையாகப் பொருந்தாது. மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் சாமையும் கேழ்வரகும் நியாயவிலைக்கடை அரிசியும் இங்கு ஒரே வகை. சாமைச்சோறு இருந்த இடத்தில் தீட்டிய அரிசிச்சோறு வந்தாலும் மதிப்பெண் மாறுவதில்லை. மலையின் உணவுமுறையில் நிகழ்ந்த பெருமாற்றம் அளவீட்டின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

ஆட்சி எல்லையும் மற்றொரு திரையாகிறது. இம்மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ளது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தருவது மாவட்ட அளவிலான மதிப்பீடு. மலைக்குழந்தையின் நிலை சமவெளியின் சராசரிக்குள் கரைந்துவிடுகிறது.

ஆகவே, கருவியின் துல்லியத்தினும் முதன்மையானது அது எவரை, எந்தப் பருவத்தில், எந்த எல்லைக்குள் வைத்து அளக்கிறது என்பதே. அங்கன்வாடியின் துணையுணவு முதல் நியாயவிலைக்கடைச் சிறுதானியம் வரை, ஒதுக்கீடுகள் யாவும் எண்களையே பின்தொடர்கின்றன. எண்ணில் இடம்பெறாத பசிக்கு ஒதுக்கீட்டிலும் இடமிராது.